யாரும் பிடிக்காத சுருட்டு

பந்தலுக்குள் நுழைந்ததும் ஒரு தடவை அண்ணாந்து பாருங்கள். துணியில் சுருக்கம் இல்லாமல், காற்றடிக்கும்போது காலும் கூரையும் ஒரே உடம்பாக அசைந்து நின்றால் அது நான் போட்ட பந்தல். கிரீச் கிரீச் என்று முனகினால் வேறு எவனோ போட்டது. இலுப்பூரைச் சுற்றி எந்த ஊர்க்காரரிடம் வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளுங்கள். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். கல்யாண வீடுகளில் மூங்கில் தூக்கினேன், டியூப்லைட் கட்டினேன், எச்சில் இலை எடுத்தேன். அப்புறம் சொந்தமாகப் பந்தல், மேடை, நாற்காலி, அண்டா, ஜெனரேட்டர் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தேன். இன்றைக்கு லாரி ஓடுகிறது. ஒரு தடவை கலெக்டர் வந்த விழாவுக்கு நான்தான் மேடை போட்டேன். நடுவில் காற்றும் மழையும் அடித்ததில் கலெக்டர் அசைந்தார், மேடை அசையவில்லை.

என்னை யாரும் தூக்கிவிட்டதில்லை. என் பங்காளிகள் தூக்கிவிட்டதாக எவனாவது சொன்னால் அவனை என்னிடம் அனுப்புங்கள்.

அந்தப் பங்காளிகள்தான் இப்போது என்னைப் பற்றி ஒரு கதை சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். குலசாமியை டாக்டரிடம் கொடுத்து அறுத்து எடுத்துவிட்டேனாம். கேட்கிறவர்களும் உச்சுக்கொட்டுகிறார்கள். எழுதத் தெரிந்த மட்டில் நடந்ததை நானே எழுதிவிடுகிறேன். வலது கை நன்றாகத்தான் இருக்கிறது. கோளாறெல்லாம் இடது கையில்.

அந்தக் கையில்தான் ஆரம்பித்தது. பந்தல் கட்டுகிறவனுக்கு இடது கைதான் முக்கியம். வலது கை கயிற்றைச் சுற்றும், இடது கை கட்டைவிரலால் முடிச்சை அமுக்கிப் பிடித்திருக்க வேண்டும். ஒரு நாள் ஒரு காதுகுத்து வீட்டில் ஏணி மேல் நிற்கிறேன், கட்டைவிரல் கயிற்றைப் பிடிக்கவில்லை. விரல் என்னுடையதுதான், சொன்னால் கேட்கவில்லை. கீழே நின்ற வேலையாட்கள் பார்ப்பதற்குள் இறங்கிவிட்டேன். வீட்டில் சொன்னதும் என் மகன், "வயசாகுதுல்லப்பா, இனிமே ஏணியில ஏறாதீங்க" என்றான். எனக்குத் தெரிந்த ஒருவர் நரம்புத் தளர்ச்சி என்று ஒரு எண்ணெய் கொடுத்தார். என் பெண்டாட்டி அதைத் தேய்த்துத் தேய்த்து என் கையும் அவள் கையும் வழுக்கியதுதான் மிச்சம்.

அப்புறம் தலைவலி. எனக்குத் தலைவலி என்று ஒன்று வந்ததே கிடையாது, மற்றவர்களுக்குக் கொடுத்துத்தான் பழக்கம். இது காலையில் கண் விழிக்கும்போதே மண்டைக்குள் உட்கார்ந்திருக்கும். குனிந்தால் கூடும், இருமினால் கூடும். குமட்டலே இல்லாமல் பீச்சியடித்தாற்போல ஒரு வாந்தி வரும், எடுத்ததும் கொஞ்சம் லேசாகும். மருந்துக்கடைக்காரர் வாயு என்று மாத்திரை கொடுத்தார். என் சம்பந்தி பித்தம் என்று இஞ்சிச்சாறு குடிக்கச் சொன்னார். அதையும் குடித்தேன், அதுவும் வாந்தியில் வந்தது.

மூன்றாவதாக உப்பு. சிரிக்காதீர்கள். ஒரு கல்யாணப் பந்தியில் உட்கார்ந்து, "என்னய்யா, பந்தல்காரனுக்கு உப்பு கூட வைக்க மாட்டீங்களா? ஊறுகா எங்க?" என்று சத்தம் போட்டேன். பரிமாறின பையன்கள் திகைத்துப் போய் நின்றார்கள். பக்கத்துப் பந்தியிலிருந்து என் பெண்டாட்டி எழுந்து வந்து என் இலையைப் பார்த்தாள். உப்பும் ஊறுகாயும் வைக்க வேண்டிய இடத்தில், இலையின் இடது மேல்மூலையில், இருந்தன. எனக்குத் தெரியவில்லை. அவள் விரலை வைத்துக் காட்டினாள்.

"அந்தா இருக்குல்லங்க. கண்ணு எங்க போச்சு?"

"நீ இப்பத்தான் வச்ச."

"நான் எதுக்குங்க வைக்கிறேன், நான் என்ன பந்தி விசாரிக்கவா வந்தேன்?"

சபையே சிரித்தது. அன்றையிலிருந்து அவள் என்னைக் கவனிக்க ஆரம்பித்தாள். நான் நிலைப்படியில் இடது தோளை இடித்துக்கொள்வதைப் பார்த்தாள். வேனை எடுத்தால் இடது பக்கம் வேலியை உரசிக்கொண்டு போவதையும் பார்த்தாள். "கண் டாக்டரப் பாருங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். நான்தான் இன்றைக்கு நாளைக்கு என்று தள்ளிக்கொண்டிருந்தேன். முகூர்த்த மாதத்தில் எந்தப் பந்தல்காரன் ஆஸ்பத்திரிக்குப் போவான்?

நான்காவதாக வந்தது சுருட்டு. அதில்தான் எல்லாம் கெட்டது.

எங்கள் குலசாமி கருப்பர். ஊருக்கு வெளியே முந்திரிக்காட்டுக்குள் கோயில். அவருக்குக் கெடா வெட்டி, சாராயமும் சுருட்டும் படைப்போம். ஆளே இல்லாத இடத்தில் சுருட்டு வாசம் அடித்தால் கருப்பர் அந்தப் பக்கம் நடந்து போகிறார் என்று எங்கள் வகையறாவில் சின்னப் பிள்ளைகூடச் சொல்லும். என் சித்தப்பாதான் சாமியாடி. அவர் செத்த பிறகு கருப்பர் யார் மேலும் இறங்கவில்லை. சாமியாடி இல்லாமல் கெடா வெட்ட முடியாது என்று திருவிழாவே நின்று கிடந்தது. கோயில் பொறுப்பு என் பெரியப்பா மகனிடம் இருந்தது. எனக்கு அண்ணன் முறை. நிலம் உள்ள வீடு. நான் எச்சில் இலை எடுத்த காலத்தில் என்னைத் தெரியாத மாதிரிப் பார்த்துப் போன அண்ணன்.

அண்ணன் அந்த வருஷம் பங்காளிகளைக் கோயிலில் கூட்டினார். கருப்பரிடம் குறி கேட்டு எப்படியாவது திருவிழாவை நடத்திவிட வேண்டும் என்று பேச்சு. வெயில் கொளுத்தியது. நான் ஓரமாக, சாமி முன்னால் நட்டிருந்த வேலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். திடீரென்று சுருட்டு நாற்றம், மூக்குக்கு நேராக வைத்து ஊதின மாதிரி.

"யாருய்யா அது சாமி முன்னால சுருட்டு பிடிக்கிறது?" என்று கேட்டேன்.

எல்லோரும் திரும்பினார்கள். யார் கையிலும் சுருட்டு இல்லை. அதற்குள் அடிவயிற்றிலிருந்து ஏதோ ஒன்று, ராட்டினத்தில் இறங்கும்போது ஏறுமே, அந்த மாதிரி நெஞ்சுக்கு ஏறியது. இந்த வெயில், இந்த வேல், இந்த முகங்கள் எல்லாம் முன்னாலேயே ஒரு தடவை நடந்து முடிந்த மாதிரி இருந்தது. அதற்குப் பிறகு எனக்கு ஒன்றும் தெரியாது.

தெளிந்தபோது என் கழுத்தில் மாலை கிடந்தது, மடியில் அரிவாள். நெற்றி முழுக்கத் திருநீறு. அண்ணன், என் பெரியப்பா மகன், என் காலில் விழுந்து கிடந்தார். நான் கண்ணை ஒரே இடத்தில் நிலைக்குத்தி வைத்துக்கொண்டு, வாயை மென்று மென்று, வேட்டியைப் பிடித்துப் பிடித்து இழுத்தேனாம். சித்தப்பாவும் சாமி வருவதற்கு முன் இப்படித்தான் வாயை மெல்லுவாராம். "வந்துட்டான்யா கருப்பன்!" என்று பெண்கள் குலவை போட்டார்களாம்.

நம்பினீரா என்று கேட்பீர்கள். ஏன் நம்பக் கூடாது? வகையறாவில் பெரிய வீட்டுக்காரர்கள் அத்தனை பேர் இருக்க, கையால் உழைத்து மேலே வந்தவன் மேல்தானே சாமிக்கு இறங்கத் தோன்றும்? கருப்பருக்கும் ஆள் பார்க்கத் தெரியாதா என்ன? ஊரே அப்படித்தான் சொன்னது. பேரன் பேத்திகளைக் கூட்டிவந்து திருநீறு வாங்கினார்கள். எந்த வீட்டுக்குப் போனாலும் முதல் பாய் எனக்குத்தான். அந்த வாசம் மறுபடி மறுபடி வந்தது. வேனில், கடையில், சாப்பிடும்போது. வரும்போதெல்லாம் நான் கையெடுத்துக் கும்பிட்டேன்.

என் பெண்டாட்டி மட்டும் கும்பிடவில்லை. "சாமி வந்தா ஒடம்பு தெம்பாத்தான இருக்கணும்? இவருக்கு முடிஞ்சதும் ரெண்டு நாளைக்குத் தலையத் தூக்க முடியல" என்றாள். அண்ணனிடமே சொன்னாள். அவர் சிரித்தார்.

"கருப்பன் சொமக்கிறதுன்னா சும்மாவாத்தா? பாரம் இருக்கத்தான் செய்யும்."

கடைசியில் அவள்தான் என்னைப் புதுக்கோட்டைக்கு இழுத்துக்கொண்டு போனாள், கண்ணாடி போடத்தான். கண் டாக்டர் என் மகள் வயதுப் பெண். கண்ணில் மருந்து ஊற்றி, வெகுநேரம் உட்கார வைத்து, விளக்கை அடித்துக் கண்ணுக்குள் பார்த்தது. பார்த்துக்கொண்டே இருந்தது. அப்புறம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு எனக்கு எதிரில் உட்கார்ந்தது.

"ஐயா, காலையில எந்திரிச்ச ஒடனே தலை வலிக்குதா?"

"ஆமாங்கம்மா."

"வாந்தி எடுத்தா லேசாகுதா?"

"ஆமா. யார் சொன்னது ஒங்களுக்கு?"

"கை கால்ல எதுவும் பலம் கொறஞ்ச மாதிரி?"

என் பெண்டாட்டி என் இடது கையைத் தூக்கிக் காட்டினாள்.

"இல்லாத வாசனை எதுவும் வருதாங்கய்யா? கருகுற மாதிரி, பொகை மாதிரி?"

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். "வருது. ஆனா அது சீக்கு இல்லம்மா. அது எங்க கருப்பரு. நான் சாமியாடி."

நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டது. டாக்டர் சிரிக்கவில்லை. "கருப்பர நான் ஒண்ணும் சொல்லலைங்கய்யா. ஒங்க கண்ணுல கோளாறு இல்ல. கண்ணுக்குப் பின்னால நரம்பு வீங்கியிருக்கு, தலைக்குள்ள அழுத்தம் இருந்தாத்தான் அப்படி வீங்கும். ஒரு ஸ்கேன் எடுத்துப் பாத்துருவோம். இன்னைக்கே."

கை ஒருவருக்கு நரம்பு, வாந்தி ஒருவருக்குப் பித்தம், உப்பு ஊருக்கே சிரிப்பு, சுருட்டு கோயிலுக்குச் சாமி. ஆளுக்கு ஒன்றாக என் உடம்பைப் பங்கு போட்டு எடுத்துக்கொண்டார்கள். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கூட்டி வைத்துக் கேள்வி கேட்டது அந்தப் பெண் ஒன்றுதான்.

ஸ்கேனில் வலது நெற்றிப்பொட்டுக்கு உள்ளே ஒரு எலுமிச்சம்பழம் அளவுக்குக் கட்டி. மூளைக்கு மேல் இருக்கும் உறையிலிருந்து வளர்ந்ததாம். ரொம்ப நாளாக மெதுவாக வளர்ந்திருக்கும், பெரும்பாலும் கெட்ட கட்டியாக இருக்காது, ஆனால் அது அமுக்குகிற அமுக்கில் பார்வை போகும், உயிரும் போகும் என்றார்கள். நான் வாசம் என்று கும்பிட்டது ஒருவகை வலிப்பு. கீழே விழுந்து வெட்டி இழுப்பது மட்டும் வலிப்பு இல்லையாம். விழித்துக்கொண்டே, வாயை மென்றுகொண்டே வருவதும் வலிப்புத்தானாம். நாளைக்கே திருச்சிக்குப் போங்கள், தள்ளிப்போடாதீர்கள் என்று சொல்லி அனுப்பினார்கள்.

நாங்கள் ஊருக்கு வந்து சேர்வதற்குள் சேதி வந்துவிட்டது. அண்ணன் என் வீட்டு வாசலில் நாலைந்து பேரோடு நின்றிருந்தார்.

"தம்பி, நாளைக்குக் காப்புக் கட்டு. அது ஒனக்கு ஞாபகம் இருக்கா?"

"இருக்குண்ணே. டாக்டரு தாங்காதுங்கறாங்க."

"கெடா வெட்டு முடிஞ்சதும் போயிக்கலாம். எத்தன வருசங்கழிச்சு நடக்குது? கருப்பன் குடுத்த பாரத்த கருப்பனே எறக்குவான். தலைய அறுத்து என்னத்தப் பாக்கப் போறானுக?"

வெளியூர் வாசகர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மஞ்சள் கிழங்கு கோத்த கயிற்றைச் சாமியாடி கையில் கட்டுவதுதான் காப்பு. கட்டிவிட்டால் திருவிழா முடிகிறவரை அவன் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. உடம்பில் கத்தி படக் கூடாது. சவரம்கூடக் கிடையாது. எனக்கோ மண்டையைச் சிரைத்து, மண்டையோட்டையே திறக்க வேண்டும், அதுவும் திருச்சியில்.

நான் முடிவு செய்துவிட்டேன். என் வாழ்க்கையில் எந்த முடிவையும் நான்தான் எடுத்திருக்கிறேன். மறுநாள் காலையில் கோயிலுக்குப் போய், கருப்பரிடமும் அண்ணனிடமும் சொல்லிவிட்டு, அப்படியே வேனில் ஏறிவிடுவது. அண்ணனுக்குச் சொல்லாமல் ஓடினான் என்று பேர் வாங்க எனக்கு இஷ்டமில்லை. என் பெண்டாட்டி, "அங்கிட்டுப் போகவே வேணாம், நேரா வேன்ல ஏறுங்க" என்றாள். "நான் என்ன திருடனா?" என்று கேட்டுவிட்டு மகனைக் கூட்டிக்கொண்டு போனேன்.

கோயிலில் பறை அடித்துக்கொண்டிருந்தது. பங்காளிகள் அத்தனை பேரும் இருந்தார்கள். நான் அண்ணன் பக்கம் போய், "அண்ணே, நான் ஒரு வார்த்த சொல்லணும்" என்று ஆரம்பித்தேன். அந்த வார்த்தை வாயில் இருக்கும்போதே சுருட்டு அடித்தது. வயிறு ஏறியது. "ஐயோ, இப்ப வேணாம்" என்று நினைத்தது வரைக்கும் ஞாபகம் இருக்கிறது.

தெளிந்தபோது வலது கையில் மஞ்சள் கயிறு. முடிச்சு ஈரமாக இருந்தது.

"யாரு கட்டுனது?" என்று கேட்டேன். நாக்கு தடித்துக் கிடந்தது.

"நீயாத்தானப்பா கைய நீட்டுன!" என்றார் அண்ணன். எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார். "கருப்பனே கைய நீட்டிக் காப்பு வாங்கிக்கிட்டான். இனிமே ஒண்ணும் பேச்சு இல்ல."

என் மகன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். அவனுக்குத் தெரியும். நான் கையை நீட்டவில்லை, கை தானாக வேட்டியைப் பிடுங்கிக்கொண்டிருந்தது, அதைத்தான் இரண்டு பேர் பிடித்து நிறுத்திக் கட்டினார்கள் என்று பிற்பாடு என்னிடம் சொன்னான். அங்கே சொல்லவில்லை. சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

நினைவு தப்பிய ஒருவன் கையைப் பிடித்துக் கட்டின முடிச்சு அது. எனக்கு முடிச்சைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதுவும் மட்டமான முடிச்சு.

வீட்டுக்கு வந்ததும் சுருண்டு விழுந்தேன். குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி. ஒரு பக்கத்துக் கண்ணில் இருட்டு இறங்கியது. மகன், "ஊரு பேசும்மா, ரெண்டு நாள் பாப்போம்" என்று சொல்லிக்கொண்டிருப்பது எங்கேயோ தூரத்தில் கேட்டது. என் பெண்டாட்டி அவனோடு சண்டை போடவில்லை. அடுப்படிக்குள் போனாள். மீன் அறுக்கிற அரிவாள்மனையைத் தூக்கிக்கொண்டு வந்து என் பக்கத்தில் போட்டு, அதன் மேல் காலை மடக்கி உட்கார்ந்து, என் கையை இழுத்துக் கயிற்றை அலகில் வைத்து ஒரு தேய்ப்புத் தேய்த்தாள். மஞ்சள் கிழங்கு உருண்டு கட்டிலுக்கு அடியில் போனது.

"இப்ப வண்டிய எடு" என்றாள் மகனிடம். "பாவம் எதுவும் வந்தா எனக்கு வரட்டும். நான் வேற வகையறாவுல பொறந்தவ."

எல்லையில், புளியமரத்துக்குப் பக்கத்தில் அண்ணன் வழியை மறித்து நின்றார். பின்னால் பங்காளிகள். என் மகன் வேனை நிறுத்திவிட்டான். நான் பின் இருக்கையில் அவள் மடியில் தலை வைத்துக் கிடந்தேன். கேட்டது எல்லாம் குரல்தான்.

"எறங்கச் சொல்லு அவன. காப்போட எல்லையத் தாண்டுனா கருப்பன் காவு வாங்கிருவான்."

"காப்பு இல்லைங்க மாமா. நான் அறுத்துட்டேன்."

அண்ணன் குரல் ஜன்னலுக்குப் பக்கத்தில் வந்தது. "அடிப்பாவி. எதால அறுத்த?"

"மீன் அறுக்குற அருவாமனையால."

"வெளங்குமா இந்தக் குடும்பம்? காவு வாங்காம விட மாட்டான்டி."

"அவரு மண்டைக்குள்ள உக்காந்து வாங்கிக்கிட்டிருக்கிறது பத்தாதா மாமா? தள்ளி நில்லுங்க. டேய், எடுடா வண்டிய! அவுக நகரலேன்னா ஏத்திட்டுப் போ, கேஸ நான் பாத்துக்கிறேன்."

அவர்கள் நகர்ந்தார்கள். அவள் குரலுக்குத்தான் நகர்ந்தார்கள். என் மகன் யார் மேலும் ஏற்றுகிற ஆள் இல்லை.

திருச்சியில் நடந்ததைப் பற்றி எழுதப் பெரிதாக ஒன்றும் இல்லை, நான் தூங்கிக்கொண்டிருந்தேன். மண்டையைச் சிரைத்தார்கள், திறந்தார்கள், எடுத்தார்கள், மூடினார்கள். கெட்ட கட்டி இல்லை என்று பரிசோதனையில் வந்தது. கொஞ்சம் தாமதித்திருந்தால் கண் போயிருக்கும், அதற்கடுத்து ஆளும் போயிருப்பார் என்று பெரிய டாக்டர் சொன்னார். "அந்தக் கட்டியில சுருட்டு நாத்தம் அடிச்சுதாங்க டாக்டர்?" என்று கேட்டேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். இத்தனை வருஷத்தில் எந்த நோயாளியும் கேட்காத கேள்வி என்றார். எந்த நோயாளியும் என்னைப் போல் இருந்திருக்க மாட்டான், அதுவும் சரிதான்.

தலையில் தழும்போடு ஊருக்கு வந்தேன். பங்காளி வீடுகளில் கதவு மூடிக்கொண்டது. ஒருத்தராவது வந்து எட்டிப்பார்க்க வேண்டுமே! என் காலில் விழுந்து திருநீறு வாங்கினவர்கள் எதிரில் வந்தால் இங்கிட்டு அங்கிட்டுத் திரும்பிப் போனார்கள். அந்த வருஷம் திருவிழா நின்றது என்னால்தான். ஒருத்தர் வீட்டுக் கறவை மாடு செத்தது, அதுவும் என்னால். மழை பிந்தியது, அதற்கும் நான்தான். கருப்பர் குடியிருந்த இடத்தை அறுத்து எடுத்துக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டேன் என்று அண்ணன் ஒரு கல்யாண வீட்டில் சொல்லியிருக்கிறார். அந்தக் கல்யாணத்துக்குப் பந்தல் என்னுடையது. என் பந்தல் நிழலில் உட்கார்ந்து சொல்லியிருக்கிறார்.

ஒருத்தி மட்டும் வந்தாள், ஒரு பங்காளி மகனின் பெண்டாட்டி. "மாமா, அவுகளுக்கும் காலையில தலைவலிக்குது மாமா. எனக்குப் பயமா இருக்கு" என்றாள். எனக்கு வந்ததை எல்லாம் வரிசையாகச் சொன்னேன். தலைவலி யாருக்கும் வரும், பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. ஆனால் முன்னால் இல்லாத தலைவலி புதுசாக வந்து நாளுக்கு நாள் கூடினால், எழுந்ததும் இருந்தால், கூடவே வாந்தி, பார்வைக் குறைவு, ஒரு பக்கக் கை கால் தளர்ச்சி, பேச்சுக் குழறல், நடையில் தடுமாற்றம், திடீர் வலிப்பு, ஆள் குணமே மாறிப்போவது, இதில் எது இருந்தாலும் வீட்டில் உட்கார்ந்திருக்கக் கூடாது, டாக்டரிடம் ஓட வேண்டும் என்றேன். அவள் அவனைக் கூட்டிக்கொண்டு போனாள். பரிசோதித்ததில் கண்ணாடி போட வேண்டும், அவ்வளவுதான். திரும்பி வந்து என் மேல் பாய்ந்தாள்.

"எம்புட்டுப் பயங்காட்டிட்டீங்க மாமா! எங்க மாமியா, ஒங்க வீட்டு வாசப்படி மிதிச்சதாலதான் அவுக கண்ணு இப்படி ஆச்சுன்னு என்னையப் பேசுறாக."

"ஒண்ணுமில்லைன்னு தெரிஞ்சுபோச்சுல்ல? எனக்கும் அப்படி யாராவது முன்னாலயே பயங்காட்டியிருந்தா இந்தக் கை இப்படிக் கெடக்குமா?" என்றேன். அவளுக்கு அது புரிந்த மாதிரித் தெரியவில்லை. அதற்குப் பிறகு அவளும் வருவதில்லை.

இந்த வருஷம் திருவிழா நடந்தது. கருப்பர் மறுபடி இறங்கிவிட்டார். யார் மேல் என்று கேட்காதீர்கள், அண்ணன் மகன் மேல்தான். பெரிய வீட்டில் இறங்கினால் கருப்பருக்கும் வசதிதானே. பந்தலுக்கு அறந்தாங்கியிலிருந்து ஆளைக் கூட்டிவந்தார்கள். சித்தப்பா இருந்த காலத்தில் எத்தனை வருஷம் நான் கூலி வாங்காமல் போட்ட கோயில் பந்தல் அது! எனக்குச் சொல்லி அனுப்பவில்லை. நான் போனேன். குலசாமி கோயிலுக்குப் போக எவன் அழைக்க வேண்டும்? பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு போய், கூட்டத்துக்குப் பின்னால் நின்றேன். அண்ணாந்து பார்த்தேன். துணி தொங்கியது. காற்றடிக்க அடிக்க அந்தப் பந்தல் கிரீச் கிரீச் என்று முனகியது. பிரசவ வார்டில் நிற்கிற மாதிரி இருந்தது. எனக்குக் கை அரித்தது. வலது கை மட்டும். இடது கை இன்னும் முடிச்சை அமுக்கிப் பிடிக்கிற நிலைக்கு வரவில்லை, இனிமேல் வராது என்றும் சொல்லிவிட்டார்கள்.

பறை வேகம் எடுத்தபோது அந்த வாசம் அடித்தது.

ஆபரேஷனுக்குப் பிறகு ஒரு தடவைகூட வராதது. கட்டி மறுபடி வளரலாம், வருஷா வருஷம் ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும், வாசம் வந்தால் உடனே வர வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வயிறு ஏறுகிறதா என்று பார்த்தேன். பயத்தில் ஏறுகிறதா வேறு எதில் ஏறுகிறதா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. முன்னால் நின்றவர்களின் தலை மறைத்தது. பக்கத்தில் இருந்தவளின் முழங்கையைப் பிடித்தேன்.

"ஏ, ஒனக்கு அடிக்குதா?"

அவள் என் முகத்தைப் பார்த்தாள். கேள்வி புரிந்தது. மூக்கை ஒரு தடவை இழுத்தாள். அந்தக் கொஞ்ச நேரம் நான் மூச்சு விடவில்லை.

"அடிக்குதுங்க" என்றாள். முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். "கொடலப் பொரட்டுது. என்ன கருமத்த வாங்கிக் குடுத்தானுகளோ அவனுக்கு."

நுனிக்காலில் எட்டிப் பார்த்தேன். அண்ணன் மகன் கழுத்து நிறைய மாலையோடு, வாயில் சுருட்டை வைத்துப் புகைவிட்டுக்கொண்டிருந்தான். நிஜச் சுருட்டு. புகை தெரிந்தது, நெருப்பு தெரிந்தது. பிடிக்கத் தெரியாமல் இருமினான். அண்ணன் அவன் காலில் விழுந்தார். பெண்கள் குலவை போட்டார்கள். கும்பிட்ட அத்தனை கைகளுக்கும் பின்னால் அந்த நாற்றத்தை நெஞ்சு நிறைய இழுத்து இழுத்து விட்டுக்கொண்டு நின்றவன் நான் ஒருத்தன்தான்.

"போதும், வாங்க" என்றாள். திருநீறு வாங்காமல் திரும்பினோம்.